பல் எடுக்கும்போது மூச்சு நின்றால்? டாக்டர்களைத் தயார்செய்யும் 'பொம்மை' ஒத்திகை

ஞானப்பல்லை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பலருக்கும் முதலில் வரும் கேள்வி, "வலிக்குமா?" அடுத்தது, "எவ்ளோ ஆகும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "மயக்கத்துல இருக்கும்போது மூச்சு நின்னுட்டா, இங்க இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான ஒருவருக்குப் பல் சிகிச்சையின்போது அப்படி நடப்பது மிக மிக அரிது. ஆனால், சிக்கலே அந்த 'அரிது' என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. தன் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே சந்திக்கக்கூடிய ஓர் ஆபத்தை, ஒரு டாக்டர் முதல் முறையிலேயே சரியாகக் கையாள வேண்டும். செய்து பழகிக்கொள்ள நோயாளி கிடைக்க மாட்டார், கிடைக்கவும் கூடாது.

இதற்கு மருத்துவ உலகம் கண்டுபிடித்த வழிதான் சிமுலேஷன் பயிற்சி. மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மையை நோயாளியாகப் படுக்க வைத்து, ஆபத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது. அமெரிக்காவில் வாய், தாடை அறுவை சிகிச்சை டாக்டர்கள் மத்தியில் இது இப்போது முக்கியமான விஷயமாகியிருக்கிறது. ஏன், எப்படி? பார்க்கலாம்.

மயக்கத்தில் எத்தனை வகை?

பல் சிகிச்சையில் அதிகம் பயன்படுவது மரத்துப்போகும் ஊசி. லிக்னோகெய்ன் போன்ற மருந்தைப் பல்லின் அருகில் போடுவார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். நீங்கள் முழு நினைவோடு இருப்பீர்கள்.

அடுத்தது 'செடேஷன்'. கை நரம்பு வழியாக மிடாசோலம், ஃபென்டனில், புரோபோஃபால் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் பாதித் தூக்கத்தில் வைத்திருப்பது. கூப்பிட்டால் கண் திறப்பீர்கள். பிறகு எதுவும் நினைவிருக்காது. இதன் அளவு கூடினால் ஆழ்ந்த செடேஷன். அதற்கும் மேலே முழு மயக்கம், அதாவது ஜெனரல் அனஸ்தீசியா.

இவை தனித்தனி அறைகள் போல இருப்பதில்லை. ஒரே சரிவுப் பாதையின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும்தான். ஒருவருக்கு லேசான தூக்கத்தைக் கொடுக்கும் அதே அளவு மருந்து, இன்னொருவரை மூச்சு நிற்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அதனால்தான் மருந்து கொடுப்பவர், தான் திட்டமிட்டதைவிட ஒரு படி ஆழமான மயக்கத்தையும் சமாளிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி.

அமெரிக்காவில் ஏன் இவ்வளவு பேச்சு?

மயக்க மருந்தின் கதையே பல் டாக்டர்களிடம்தான் தொடங்குகிறது. 1844-ல் ஹார்ட்ஃபோர்டு நகரின் பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ், சிரிப்பூட்டும் வாயுவைத் தானே சுவாசித்துவிட்டுத் தன் பல்லை எடுக்கச் சொன்னார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் கொடுத்து, வலியில்லாத அறுவை சிகிச்சையை உலகுக்குக் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் டாக்டர்தான்.

அந்த மரபு அங்கே இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவில் வாய் அறுவை சிகிச்சை படிப்பவர்கள், மயக்கவியல் துறையில் பல மாதங்கள் வேலை செய்துதான் பட்டம் பெறுகிறார்கள். பிறகு தங்கள் கிளினிக்கிலேயே மயக்க மருந்தும் கொடுத்து, அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். கூடவே, மானிட்டரைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருப்பார்கள். ஆனால், மயக்கத்துக்கென்று தனி டாக்டர் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே கல்லூரி வயதுப் பிள்ளைகள் ஞானப்பல் எடுப்பது இப்படித்தான் சர்வசாதாரணமாக நடக்கிறது.

ஆதரிப்பவர்கள், இந்த முறையில் செலவு குறைவு, மருத்துவமனையில் அட்மிட் ஆக வேண்டாம் என்கிறார்கள். எதிர்ப்பவர்களின் கேள்வி எளிமையானது: கத்தியில் கண் இருக்கும் ஒருவர், மூச்சிலும் எப்படிக் கண் வைப்பார்?

ஒரே பாதையில் இரண்டு வேலை

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தால், சர்ஜன் வயிற்றருகே நிற்பார். மயக்க டாக்டர் தலைமாட்டில் நிற்பார். வாய் அறுவை சிகிச்சையில் அந்த வசதி இல்லை. மூச்சு போகும் அதே பாதையில்தான் டிரில்லும் ஓடுகிறது. ரத்தம், எச்சில், டிரில்லைக் குளிர்விக்கும் தண்ணீர், பஞ்சுத் துண்டு, சில நேரம் உடைந்த பல் துணுக்கு என எல்லாம் அங்கேதான். கிளினிக்கில் செய்யும் சிகிச்சைகளில் பெரும்பாலும் மூச்சுக்குழாயில் டியூபும் போட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே டாக்டர்கள் பயப்படும் முக்கியமான எதிரி, 'லாரிங்கோஸ்பாஸம்'. சாப்பிடும்போது புரையேறினால் தொண்டை சட்டென்று மூடி இருமல் வருகிறதல்லவா? நுரையீரலுக்குள் எதுவும் போய்விடக் கூடாது என்று உடல் செய்யும் காவல் வேலை அது. அரைகுறை மயக்கத்தில் இருப்பவரின் குரல் நாண்களில் ஒரு சொட்டு ரத்தமோ தண்ணீரோ பட்டால், அதே காவல் கதவு மூடிக்கொண்டு திறக்காமல் போய்விடலாம். முழுதாக மூடாதபோது கீச்சென்ற சத்தம் வரும். முழுதாக மூடிவிட்டால் சத்தமே வராது. மார்பு மட்டும் மேலும் கீழும் இழுக்கும். காற்று உள்ளே போகாது.

அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சிகிச்சையை நிறுத்து. வாயில் இருக்கும் பஞ்சை எடு. ரத்தத்தையும் எச்சிலையும் உறிஞ்சு. தாடையை முன்னே தூக்கி, மாஸ்க்கை இறுக்கமாக வைத்து, 100% ஆக்ஸிஜனை அழுத்தத்தோடு கொடு. திறக்கவில்லையா? புரோபோஃபால் கொடுத்து மயக்கத்தை ஆழமாக்கு. அப்படியும் திறக்கவில்லை என்றால், தசைகளைத் தளர்த்தும் சக்ஸினைல்கோலின் கொடு.

படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. செய்வதற்கும் நேரம் அதிகமில்லை. ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும். குழந்தைகளுக்கு அதுவும் குறைவு. பெரியவர்களைவிட அவர்கள் உடல் ஆக்ஸிஜனை வேகமாகச் செலவழிக்கிறது. நுரையீரலில் கையிருப்பும் கம்மி.

ஒரு மரணம், ஒரு சட்டம்

2015-ல் கலிஃபோர்னியாவில் 6 வயதுச் சிறுவன் ஒருவன், பல் எடுப்பதற்காக ஒரு கிளினிக்கில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பிறகு உயிரிழந்தான். அவன் குடும்பம் எழுப்பிய கேள்விகளின் விளைவாக, 2016-ல் 'கேலப் சட்டம்' என்று அழைக்கப்படும் சட்டம் அங்கே நிறைவேறியது. மயக்க மருந்தை யார் கொடுக்கிறார், எங்கே கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறலாம் என்பதைப் பெற்றோரிடம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கான பல் மயக்க சிகிச்சை எவ்வளவு பாதுகாப்பானது என்று மாநில பல் மருத்துவ வாரியம் ஆராய வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

2019-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியும் குழந்தைப் பல் மருத்துவர்கள் அகாடமியும் சேர்ந்து தங்கள் வழிகாட்டுதலை இன்னும் இறுக்கின. குழந்தைக்கு ஆழ்ந்த செடேஷனோ முழு மயக்கமோ கொடுத்தால், சிகிச்சை செய்யும் பல் டாக்டர் தவிர, மயக்கத்தை மட்டும் கவனிக்கத் தகுதியான இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியை இருவருமே முடித்திருக்க வேண்டும்.

ஆக, வாய் அறுவை சிகிச்சை டாக்டர்கள் முன்னால் இரண்டு கேள்விகள் நின்றன. அறையில் யார் யார் இருக்க வேண்டும் என்பது ஒன்று. இருப்பவர்கள் உண்மையிலேயே தயாரா என்பது இன்னொன்று. சிமுலேஷன் இரண்டாவது கேள்விக்கான பதில்.

விமானத்திலிருந்து வந்த யோசனை

1978-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று விழுந்து 10 பேர் இறந்தனர். இன்ஜின் கோளாறு எதுவும் இல்லை. சக்கரத்தில் பிரச்சினை என்று விமானி அதையே யோசித்துக்கொண்டிருக்க, எரிபொருள் தீர்ந்துவிட்டது. கூட இருந்தவர்களுக்கு எரிபொருள் குறைவது தெரியும். ஆனால், கேப்டனின் மண்டையில் உறைக்கும்படி யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட விபத்துகளை ஆராய்ந்த நாசா, 1979-ல் ஒரு கருத்தரங்கை நடத்தியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் விமானக் குழுவினருக்கான கூட்டுச் செயல்பாட்டுப் பயிற்சி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் டாக்டர் டேவிட் கேபாவும் அவர் குழுவினரும், 1980-களில் அந்த யோசனையை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தனர். உண்மையான தியேட்டர் போல அறையை அமைத்து, பொம்மை நோயாளியைப் படுக்க வைத்து, டாக்டர்களை நெருக்கடியில் தள்ளிப் பார்த்தனர்.

பொம்மையின் வரலாறு இன்னும் பழையது. 1960-ல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டல், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கப் பழகுவதற்காக 'ரெசஸி ஆன்' பொம்மையை உருவாக்கினார். 1960-களின் பிற்பகுதியில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் இயக்கும் 'சிம் ஒன்' வந்தது. அதை உருவாக்கியதே மயக்கவியல் படிப்பவர்களுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடக் கற்றுத்தரத்தான்.

பயிற்சி அறையில் என்ன நடக்கும்?

அமெரிக்க வாய், முக, தாடை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சங்கம், தன் உறுப்பினர்களுக்கென்றே தேசிய சிமுலேஷன் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இல்லினாய் மாநிலம் ரோஸ்மான்ட்டில் அதன் தலைமையகம் இருக்கிறது. மூச்சுப்பாதையைக் காப்பாற்றும் அடிப்படைத் திறன்களுக்கு ஒரு பயிற்சி, கிளினிக்கில் வரும் நெருக்கடிகளைக் கையாள இன்னொரு பயிற்சி என்று பிரித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒத்திகை பொதுவாக எப்படிப் போகும்? பல் நாற்காலியில் பொம்மை படுத்திருக்கும். அதன் மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒருவர் கம்ப்யூட்டரில் அதை இயக்குவார். "22 வயசுப் பையன், லேசா ஆஸ்துமா உண்டு, நாலு ஞானப்பல் எடுக்கணும்" என்று கதை சொல்லப்படும். சர்ஜனும் இரண்டு உதவியாளர்களும் வேலையைத் தொடங்குவார்கள்.

சில நிமிடங்களில் மானிட்டரில் ஒரு கோடு தட்டையாகும். அது கேப்னோகிராஃப், அதாவது வெளிவரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கருவி. மூச்சு நின்றால் சில நொடிகளில் காட்டிக்கொடுத்துவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரோ, அப்போதும் 99% என்றே காட்டிக்கொண்டிருக்கும். நோயாளிக்கு ஏற்கெனவே கூடுதல் ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால், அந்த எண் விழ ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதை நம்பிக் காத்திருந்தால் அந்த நேரம் வீண். இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான், 2014 ஜனவரி முதல் கேப்னோகிராஃபைக் கட்டாயமாக்கியது அமெரிக்கச் சங்கம்.

பார்த்தவுடன் யார் வாயைத் திறந்து சொல்கிறார்கள் என்பதுதான் ஒத்திகையின் முதல் பரீட்சை. உதவியாளர் கோட்டைப் பார்த்துவிட்டு, "டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சும்மா இருந்துவிட்டால் கதை முடிந்தது. போர்ட்லேண்டில் நடந்ததும் அதுதான்.

இரண்டாவது பரீட்சை, பேசும் முறை. "யாராவது மருந்து எடுங்க!" என்று கத்தினால் யாரும் எடுக்க மாட்டார்கள், அல்லது இருவர் எடுப்பார்கள். பயிற்சியில் கற்றுத்தரும் பாணி வேறு. பெயர் சொல்லி, அளவு சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்த பிறகு, "கொடுத்தாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நம்ம ஊர் பஸ்ஸில் கண்டக்டர் "போலாம் ரைட்" சொன்ன பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார். கிட்டத்தட்ட அதே லாஜிக்.

மூன்றாவது, ஒன்றிலேயே சிக்கிக்கொள்ளாமல் இருப்பது. மாஸ்க் வைத்தும் காற்று போகவில்லை என்றால், அதையே பத்து முறை முயன்று பார்க்கத் தோன்றும். பதற்றத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்யும். அடுத்த படிக்குப் போக வேண்டிய நேரத்தை யாராவது கவனித்துச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய செக்லிஸ்ட் இதற்குத்தான். அதைப் பார்த்துப் படிப்பது கௌரவக் குறைச்சல் கிடையாது.

உண்மையான பாடம் அதற்குப் பிறகு

ஒத்திகை பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு நடக்கும் கலந்துரையாடல் பெரும்பாலும் அதைவிட நீளமானது. வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அங்கே தவறு. "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்பதுதான் முறை. கற்றல் நடப்பது இங்கேதான் என்கிறார்கள் சிமுலேஷன் ஆசிரியர்கள்.

சொந்த கிளினிக்கிலேயே ஒத்திகை நடத்தினால் இன்னொரு லாபம். புத்தகத்தில் இல்லாத ஓட்டைகள் தெரியவரும். சக்ஸினைல்கோலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி எந்த அறையில்? ஆக்ஸிஜன் சிலிண்டரின் சாவி எங்கே? ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகுமா? ஆம்புலன்ஸ் வந்தால் எந்த கேட்டில் யார் நிற்பது? இதற்கெல்லாம் விலை உயர்ந்த பொம்மைகூடத் தேவையில்லை. ஒரு தலையணையை நோயாளியாகப் பாவித்தால்கூடப் போதும்.

பொம்மை இருந்தால் போதுமா?

போதாது. சிமுலேஷனுக்குப் பிறகு டாக்டர்களின் திறனும், குழுவாகச் செயல்படும் விதமும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால், பல் கிளினிக்குகளில் மரணம் குறைந்தது என்று நேரடியாக நிரூபிப்பது கஷ்டம். காரணம், அந்த மரணங்களே அரிது.

இன்னொரு பிரச்சினை, மறதி. உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால், கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அதனால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க நடக்கும் வகுப்பைவிட, அடிக்கடி நடக்கும் சின்னச் சின்ன ஒத்திகைகள் பலன் தரும்.

எல்லாவற்றுக்கும் மேல், நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் கவனத்துக்குப் பயிற்சி ஈடாகாது. கடுமையான குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், அதிக உடல் எடை, சளி பிடித்த குழந்தை என்றால், கிளினிக்கில் செய்யாமல் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் பல நேரம் சிறந்த சிகிச்சை. ஒருவரா, இருவரா என்ற விவாதத்தையும் பொம்மை தீர்த்துவைக்காது. எவ்வளவு பழகினாலும் ஒருவருக்கு இரண்டு கைதான்.

நம்ம ஊரில் எப்படி?

தமிழ்நாட்டில் ஞானப்பல் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியில்தான் எடுக்கப்படுகிறது. முழு மயக்கம் தேவைப்பட்டால், மயக்கவியல் டாக்டர் தனியாக வருவதே இங்கே வழக்கம். அந்த வகையில் அமெரிக்க விவாதம் நமக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால், 'வெறும் ஊசிதானே' என்று விட்டுவிடவும் முடியாது. நாற்காலியிலேயே மயங்கிச் சாய்வதுதான் பல் கிளினிக்கில் அடிக்கடி நடக்கும் அவசரநிலை. கடும் ஒவ்வாமை அரிதாக வரலாம். மரப்பு மருந்தின் அளவு மீறினால் வலிப்பும் இதயப் பிரச்சினையும் வரலாம்.

ஒரு சின்னக் கணக்கு. பல் மருத்துவத்தில் லிக்னோகெய்னுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் உச்ச அளவுகளில் ஒன்று, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு அது 66 மில்லிகிராம். 2% மருந்துள்ள 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 36 மில்லிகிராம் இருக்கும். இரண்டு கார்ட்ரிட்ஜ் போட்டால் 72. வரம்பு தாண்டிவிட்டது. பெரியவர்களுக்குச் சாதாரணமான அளவு, குழந்தைக்கு ஆபத்தாகும் இடம் இதுதான்.

சிகிச்சைக்கு முன் இதைக் கேளுங்கள்

* எனக்குக் கொடுக்கப்போவது மரப்பு ஊசியா, செடேஷனா, முழு மயக்கமா?
* மயக்க மருந்தைக் கொடுப்பவர் யார்? சிகிச்சை செய்பவரேவா, தனி டாக்டரா?
* சிகிச்சை முழுக்க என் மூச்சை மட்டும் கவனிக்க ஒருவர் இருப்பாரா?
* செடேஷன் என்றால் கேப்னோகிராஃப் இருக்கிறதா?
* ஆக்ஸிஜன், மாஸ்க், அவசர மருந்துகள் இதே அறையில் இருக்கின்றனவா?
* இங்கே கடைசியாக அவசரநிலை ஒத்திகை எப்போது நடந்தது?
* ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்?

உங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. குறட்டை, ஆஸ்துமா, சளி, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருந்தால் அது, எதையும் மறைக்க வேண்டாம். செடேஷன் அல்லது முழு மயக்கம் என்றால், வழக்கமாக லேசான உணவுக்குப் பிறகு 6 மணி நேரமும், தண்ணீருக்குப் பிறகு 2 மணி நேரமும் வயிறு காலியாக இருக்க வேண்டும். "ஒரு இட்லிதானே" என்று சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். ஒத்திகை பார்த்த குழுவிடம் இவற்றுக்கான பதில் தயாராகவே இருக்கும். பதில் சொல்லத் தடுமாறினால், பல் எடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, வேறொரு டாக்டரிடமும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஞானப்பல் பெரும்பாலும் அவ்வளவு நாள் காத்திருக்கும்.